மான் வராத பலிபீடம்

திரோய் மீது படையெடுக்கத் திரண்ட கிரேக்கக் கப்பல்கள் அவ்லிஸ் துறையில் காற்றின்றி முடங்கிக் கிடக்கின்றன. ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் கோபம் தணிய, படைத்தலைவன் அகமெம்னோன் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட வேண்டும் என்கிறான் குறிசொல்வோன். அக்கிலீஸுக்கு மணமுடித்து வைப்பதாகப் பொய் கூறி மகள் அழைத்துவரப்படுகிறாள்.

இக்கதையின் முடிவு கிரேக்கரிடையே ஒரேவிதமாக இருக்கவில்லை. கி.மு. 458இல் மேடையேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தில், பாடற்குழு பலியின் விளிம்புவரை விவரித்துவிட்டு, அப்பால் நடந்ததைக் கூறாது நிறுத்திக்கொள்கிறது. யூரிபிடீஸின் மறைவுக்குப் பின் மேடையேறிய 'அவ்லிஸில் இஃபிஜீனியா'விலோ, கத்தி இறங்கும் கணத்தில் பெண் மறைந்துவிட, பீடத்தில் ஒரு மான் கிடந்ததாகச் செய்தி வருகிறது. இப்பகுதி பிற்காலச் சேர்க்கை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிள்ளைக்குப் பதிலாக மிருகம் பலியாகும் செய்தி நமக்கும் அந்நியமானதன்று.

1977இல் 'இஃபிஜீனியா'வைத் திரைக்குக் கொண்டுவந்த மைக்கேல் ககோயன்னிஸ் அந்த மானை இறுதியிலிருந்து அகற்றிவிட்டார். படத்தின் தொடக்கத்திலேயே படைவீரர் புனித மானைக் கொன்றுவிடுகின்றனர். இறுதியில் மீட்க எதுவும் வருவதில்லை. சிறுமி பலிபீடத்தின் படிகளில் ஏறும்போதே காற்று எழுகிறது. பலி தேவையற்றதாகிவிட்டது, ஆயினும் அது நிற்கவில்லை. ஐரின் பப்பாஸ் ஏற்ற தாய் கிளைட்டம்நெஸ்ட்ராவின் பார்வை புறப்படும் கப்பல்களின் மீது நிலைக்கிறது. அப்பார்வையிலேயே அடுத்த கொலை கருக்கொண்டுவிடுகிறது.

ககோயன்னிஸ் சைப்ரஸில் பிறந்தவர். 1974இல் அத்தீவில் நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பையும் துருக்கியப் படையெடுப்பையும் 'அட்டிலா 74' என்னும் ஆவணப்படமாக்கியவர். அதற்கு மூன்றாண்டுகளின் பின் வந்த இப்படத்தில், தெய்வத்தின் பெயரால் பேசுவோரைவிட, போரை வேண்டி நிற்கும் படைத்திரளே அச்சமூட்டுகிறது.

2017இல் யோர்கோஸ் லந்திமோஸ் எடுத்த 'புனித மானின் கொலை'யில் மான் தலைப்பில் மட்டுமே எஞ்சுகிறது. சத்திரசிகிச்சையின்போது இறந்த நோயாளி ஒருவரின் மகன், அதற்கு ஈடாகத் தன் குடும்பத்தில் ஒருவரைக் கொல்லுமாறு வைத்தியரிடம் கோருகிறான். வைத்தியரோ கண்ணை மறைத்துக்கொண்டு, சுழன்று சுழன்று சுடுகிறார். தெரிவு செய்யும் பொறுப்பிலிருந்தும் தப்ப முயலும் இன்றைய அகமெம்னோன் அவர்.

மான் வந்தால் தந்தையின் குற்றம் பாதி மறைந்துவிடும். அதை அகற்றியதன் மூலம் இவ்விரு நெறியாளரும் ஈஸ்கிலஸின் மௌனத்துக்கே நம்மை மீட்டு வந்துள்ளனர். பலிகேட்ட தெய்வத்தை அல்ல, பலிகொடுத்த மனிதனையே நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.