நிழற்படத்தில் முகம் படித்தல்

நூலைப் போலவே நிழற்படமும் படித்துணரத் தக்கதாம். நூலுக்கு எழுத்தும் சொல்லும் உறுப்பாதல் போல, ஒளியும் இருளும், உருவம் அமைந்த இடமும், அதனைச் சூழ்ந்த வெளியும் படத்திற்கு உறுப்புக்களாம். இதனைப் பழைய படம் ஒன்றைக்கொண்டு ஈண்டு விளக்குவாம்.

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில வானநூற் பேரறிஞரை அவர்தம் இல்லத்திலேயே ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார் படமெடுத்தார். அம்மையார் 1815-இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 48-ஆம் வயதில் மகளார் அளித்த காமிராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கியவர். ஹெர்ஷலோ, வெள்ளியுப்பைக் கரைக்கும் ஹைப்போவின் இயல்பை 1819-இலேயே கண்டவர். நிழற்படம் அழியாது நிலைபெற்றது அதன் துணையாலேயாம்.

அக்காலத்துப் படச்சாலைகளில் எடுத்த சிறு படங்களை முதற்கண் நோக்குவோம். அவற்றில் தூணும் திரையும் மேசையும் புத்தகமும் இடம்பெறும். முழு உருவமும் நிற்கும். முகமோ மிகச் சிறியதாகும். காண்போர் 'இவர் செல்வர்' என்பரேயன்றி, 'இவர் இத்தகையர்' என அறியமாட்டார்.

அம்மையார் எடுத்த படத்தில் இவையொன்றும் இல்லை. வானநூலார்க்குரிய தொலைநோக்கியும் இல்லை. பின்புறம் முற்றும் இருள்; தோள்களைக் கரிய ஆடை மறைத்துள்ளது. தலைமயிரைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார் என்பர். அந்நரைமயிரில் ஒளி பட்டு, இரவு வானில் விண்மீன் தோன்றுமாறு போல முகம் தனித்து விளங்குகிறது. நெற்றியின் சுருக்கங்களும் ஆழ்ந்த கண்களும் எழுபத்தைந்தாண்டு வாழ்வினை உரைக்கின்றன. வேண்டாதன நீக்கியமையே இப்படத்தின் சிறப்பாம்.

படம் கூர்மையாக இல்லையென்று அக்காலத்து நிழற்படப் பத்திரிகைகள் அம்மையாரைக் குறை கூறின. அன்று படம் பதிய நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். சிறிது அசையினும் உருவின் விளிம்பு மெலியும். அம்மையாரோ அம்மென்மையை விரும்பியே ஏற்றார். அதனாலன்றோ அம்முகம் கல்லிற் செதுக்கியது போலன்றி உயிர்ப்புடன் தோன்றுகிறது!

நிற்க. 1875-இல் அம்மையார் கணவருடன் இலங்கைக்குச் சென்றார். 1879-இல் அங்கேயே காலமானார். அந்நாட்டு எளிய மக்களையும் அவர் படமெடுத்தார். 'களுத்துறைக் குடியானவர்' என்னும் பொதுப்பெயரே ஒரு படத்திற்கு உண்டு. ஹெர்ஷலின் பெயரை உலகம் அறியும். இலங்கைப் படங்களில் உள்ளோர் பலரின் பெயரை அறிவார் இலர். முகங்கள் உள, பெயர்கள் மறைந்தன.

படத்தின் அமைப்பு ஒருவரது தகைமையைக் காட்டும், பெயரைக் காட்டாது. ஆதலின், அன்பர்காள்! நும் இல்லங்களில் தொங்கும் முன்னோர் படங்களை ஒருமுறை கழற்றி, ஆடையணிகளைக் கடந்து முகத்தை நோக்குமின். அறிந்த முதியோர் உள்ளபொழுதே பெயரும் ஊரும் ஆண்டும் கேட்டுப் பின்புறத்தே பென்சிலால் குறித்து வைம்மின். குறியாது விடின், நம் பேரர் காலத்தில் அவர்களும் பெயரற்ற முகங்களே ஆவர்.