கரையேறிய பாளையங்கோட்டைப் படை
அத்தியாயம் 3: சைக்கிளில் வந்த தளபதி

(சென்ற வாரம்: 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினர் சுமார் 8,000 பேர், ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தை நெருங்கிவிட்டார்கள்.)

தாங்காவில் இறங்குவதற்கு முன் ஆம்பூரில் ஒரு நிமிஷம் இறங்கிக்கொள்வோம். ரயில் ஊரை நெருங்கும்போது டேனரி வாடைதான் முதலில் பெட்டிக்குள் ஏறும். மலை அப்புறம்தான் கண்ணில் படும். அந்த மலைக்கோட்டையை 1767 கடைசியில் ஹைதர் அலி முற்றுகையிட்டார். உள்ளே கேப்டன் கால்வர்ட்டோடு நின்றவர்கள் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள். கோட்டையை விட்டுக்கொடுக்கவில்லை. ‘ஆம்பூர்’ என்ற ஊர்ப் பெயரே அவர்களுக்குப் போர் விருதாகக் கிடைத்தது.

நூறு வருஷம் கழித்து அதே சிப்பாயின் பேரன்களுக்குச் சண்டை வராது என்று மேலிடம் முடிவு கட்டியது. அப்படிச் சொன்னவர்களில் முக்கியமானவர் லார்ட் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கே தளபதியாக இருந்தவர்! ஆளெடுப்பு வடக்கே திரும்பியது. தெற்கத்திப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்றுதான் 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அது இப்போது தாங்காவுக்கு எதிரே, கப்பலில், வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கிறது.

நவம்பர் 2 காலை. படை இறங்குவதற்கு முன்பே ‘ஃபாக்ஸ்’ என்ற போர்க்கப்பல் தனியாகத் துறைமுகத்துக்குள் போனது. தாங்காவைத் தாக்குவதில்லை என்று முன்பே ஓர் உடன்பாடு இருந்ததாம். அது இனிச் செல்லாது என்று சொல்லிவிட்டு அடிப்பதுதான் நியாயம் என்று அதன் கேப்டன் கால்ஃபீல்டுக்குத் தோன்றியது. ஒரு மணி நேரத்தில் சரணடையச் சொன்னார். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்றும் கேட்டார். எதிரியிடமே கேட்டார்! ஜெர்மன் அதிகாரி அவ்ராஹர், கேட்டுச் சொல்கிறேன் என்று கரைக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. வெள்ளைக்கொடியும் ஏறவில்லை. சேதி மட்டும் தந்தியில் பறந்தது. திருடப் போகிறவன் வாசல் கதவைத் தட்டி, நாய் கட்டியிருக்கிறதா என்று விசாரித்த கதைதான்.

கண்ணிவெடிப் பயத்தில் நேரம் கரைந்தது. கடைசியில் ஊருக்குச் சுமார் 3 கிலோமீட்டர் கிழக்கே, ராஸ் கசோனே முனையில், இருட்டில் ஆட்களை இறக்கினார்கள். மறுநாள் விடியலில் 13வது ராஜபுத்திரரும் 61வது பயனியர்களும் முன்னேறி, அடி வாங்கித் திரும்பினார்கள். படைத் தலைவர் ஜெனரல் ஐட்கென் மிச்சப் படையையும் இறக்கி முடிக்கட்டும் என்று காத்தார்.

அந்தக் காத்திருப்பைத்தான் மோஷியிலிருந்து ரயிலேறிய லெட்டோ-ஃபோர்பெக் எதிர்பார்த்தார். அன்றிரவு அந்த ஜெர்மன் தளபதி ஊருக்குள் சைக்கிளில் சுற்றினார். காவலே இல்லாத வெறுந்தெரு. கடலில் விளக்கெரியும் கப்பல்கள் வரிசையாக நின்றன. வந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கு விளங்கிவிட்டது. தன்னிடம் இருப்பதோ சுமார் ஆயிரம் பேர்.

நவம்பர் 4, நண்பகல். வெயில் மண்டையைப் பிளக்க, படை புதருக்குள் நடக்கத் தொடங்கியது. பக்கத்தில் வருபவன் முகம்கூடத் தெரியாத அடர்த்தி. நடுவில் 63வது, அதன் பின்னால் 98வது பட்டாளம். தலைக்கு மேலே, மரக்கிளைகளில், குடைந்த மரத்துண்டுகள் ஆங்காங்கே தொங்கின. உள்ளூர்க்காரர்கள் கட்டி வைத்தவை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

எதிரே இயந்திரத் துப்பாக்கி சடசடத்தது. முதல் சுற்று மனிதர்கள் மீது. குறி தப்பிய குண்டுகளில் ஒன்று மரத்துண்டைத் துளைத்தது. உள்ளிருந்து ‘ம்ம்ம்...’ என்று ஒரு சத்தம் கிளம்பியது.

(அடுத்த வாரம் தொடரும்)