மயில்துத்தமும் அப்பாவின் அரிவாளும்

மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம் கெமிஸ்ட்ரி லேப் அல்ல; சுருளிப்பட்டியில் அப்பா போட்டிருந்த பன்னீர் திராட்சைப் பந்தல்தான்.

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் போர்டோ கலவையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். அடிச்சாம்பல் நோய்க்கு அதுதான் மருந்து. அது பிறந்ததே ஒரு திருட்டுக் கதை! பிரான்சின் மெடோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் பறிப்பவர்களை விரட்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைப்பார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராததை 1882-இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். வேதியியலார் கேயோன் துணையோடு சோதித்து 1885-இல் வெளியிட்டார்.

அப்பா அதிகம் படிக்காதவர். கலவையில் அரிவாள் நுனியை முக்கி எடுப்பார். செம்பு நிறம் படிந்தால், "சுண்ணாம்பு பத்தலடா" என்பார். ஒரு லீவில் நான் கலக்கினேன். பி.எஸ்சி. படிக்கிறவனுக்கு அரிவாள் எதற்கு? நான் போட்டதோ காற்றுப்பட்டுச் செத்துப்போன பழைய சுண்ணாம்பு. மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகி, அந்தப் போகமே போச்சு. "காலேஜுல என்னத்தடா படிக்கிற?" என்று கேட்டார். பதில் இல்லை.

கல்லூரி திறந்ததும் பேராசிரியரிடம் போய் நின்றேன். கரும்பலகையில் எழுதினார்: சோடியம் 2, 8, 1. செம்பு 2, 8, 18, 1. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான். சோடியம் தண்ணீர் பட்டால் சீறுகிறது. செம்புக் குடத்திலோ தண்ணீர் பிடித்து வைக்கிறோம்! செம்பின் உள்ளே இருக்கும் 10 டி-எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் அந்த ஒற்றை எலக்ட்ரானைப் பிரிக்க சோடியத்தில் 5.14 எலக்ட்ரான் வோல்ட் போதும், செம்பில் 7.73 வேண்டும்.

இரண்டாவதை எடுப்பது இன்னும் கஷ்டம். நிறைந்த அந்த டி-கூட்டையே உடைக்கவேண்டும். இரண்டையும் சேர்த்தால் செம்புக்குச் சுமார் 28. இரும்புக்கு வெளிக்கூட்டிலேயே இரண்டு இருப்பதால் 24 போதும். இழந்ததை மீட்கத் துடிக்கும் செம்பு அயனி, அரிவாள் இரும்பிடமிருந்து பறித்துக்கொண்டு உலோகமாகப் படிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுண்ணாம்பு போதுமான அளவு இருந்தால் செம்பு கரையாத சேர்மமாகக் கட்டுப்பட்டுவிடும். அரிவாளும் தப்பும், இலையும் தப்பும். கொஞ்சங்கொஞ்சமாகக் கசிகிற செம்பு, பூஞ்சை வித்துக்களை மட்டும் கவனித்துக்கொள்ளும்.

அடுத்த கவாத்து முடிந்ததும் நானே கலக்கி, நானே அரிவாளை முக்கினேன். டி-கூட்டைப் பற்றி அப்பாவிடம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, சுண்ணாம்ப வடிகட்டுனியா?" என்றார்.