முக்காலியின் மேல் ஒரு டகரம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் உள்ள ஆமத்தூரில், ஒரு தீபாவளி இரவில், வாணங்களைப் படம்பிடிக்க வந்திருந்த இளைஞர் பையைத் துழாவிக்கொண்டே, "அண்ணாச்சி, அந்த எல் ஆங்கிளக் கொஞ்சம் எடுங்க" என்றார். எடுத்தேன். கேமராவின் அடியில் ஒரு பட்டையும் இடப்பக்கத்தில் ஒரு பட்டையுமாக மடங்கி நிற்கும் கரிய உலோகத் துண்டு. என் கண்ணுக்கு அது ஆங்கில எழுத்தாகத் தெரியவில்லை. அச்சு அசலாக 'ட' என்று நின்றது.

அதைத் தாங்கும் முக்காலியிலிருந்து தொடங்குவோம். மூன்று என்பது மு எனக் குறுகி, கால் என்பதோடு ஒற்று மிகுந்து சேர்ந்து, உடையது என்னும் பொருளில் இகரம் பெற்றால் முக்காலி. கிரேக்கர் தங்கள் மொழியில் மூன்றையும் பாதத்தையும் சேர்த்துச் செய்த சொல்தான் ட்ரைபாட் ஆயிற்று. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேளாமலே ஒரே பெயரிட்டிருக்கின்றன. நான்கு கால் உடையவை எத்தனையோ இருக்க, நாற்காலி சாய்ந்து உட்காரும் இருக்கைக்கே உரியதாகிவிட்டது. முக்காலி அப்படி ஓரிடத்தில் அமரவில்லை. மணை போன்ற சிறு இருக்கையாக இருந்தது, மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்கும் தன் பண்பால் கேமராவின் அடியிலும் வந்து நின்றது. படம்பிடிப்பவர் வாயில் அது பெரும்பாலும் 'ஸ்டாண்டு'தான். எழுத்தில் முக்காலி வாழ்கிறது.

இங்கே கால் என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். உடலைத் தாங்குவது கால். நான்கில் ஒரு பங்கும் கால். கேமராவின் அடித்துளையில் ஏறும் திருகாணி கால் அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. பெரிய கருவிகளுக்கான தடித்த திருகாணி 3/8 அங்குலம். பழைய வாய்பாடு படித்த நாக்கு அதைக் 'காலே அரைக்கால்' என்று தயக்கமில்லாமல் சொல்லும். மூன்று காலின் தலையில் ஒரு கால் அங்குலம். இந்தப் பொருத்தம் வேறெந்த மொழிக்குக் கிடைக்கும்!

ஒவ்வொரு முறையும் திருகிக் கழற்றும் தொல்லையைப் போக்க வந்தது 'ப்ளேட்'. ஒரு காலத்தில் ப்ளேட் என்றால் கேமராவுக்குள் படம் பதியும் கண்ணாடித் தகடு. இன்று கேமராவுக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் உலோகம். தமிழில் தட்டு. தட்டை, தட்டி எல்லாம் அதன் சுற்றம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ஆர்க்கா ஸ்விஸ் பரப்பிய வகையில் தட்டின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். மேலே குறுகி அடியில் விரிந்த சரிவான ஓரங்களை முக்காலித் தலையிலுள்ள கவ்வி இருபுறமும் பற்றிக்கொள்ளும். கவ்வு என்னும் வினை இகரம் ஏற்றுக் கருவிப் பெயரானது, மண்வெட்டியைப் போல. பல்லின் பிடியை அந்தச் சொல்லில் கேட்க முடிகிறது: வகரம் இரட்டிக்கும்போது கீழுதடு மேற்பல்லில் அழுந்துகிறதே.

இனி டகரம். வாணம் நெட்டுக்கு நெட்டாக ஏறுகிறது. படமும் நெடுக்காக வேண்டும். வெறும் தட்டு என்றால் முக்காலித் தலையையே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும்; பாரம் ஒருபுறம் தொங்கி, சில நொடி திறந்திருக்கும் வில்லைக்குக் கீழே தலை மெல்ல இறங்க, ஒளிக்கோடுகள் நடுங்கிப்போகும். ட வடிவத் தட்டு இருந்தால் கவ்வியைத் தளர்த்தி, கேமராவை எடுத்துத் திருப்பி, மறு கையைக் கவ்வக் கொடுத்தால் போதும். பாரம் முக்காலியின் நடுவிலேயே நிற்கும். (வாணம் என்பதை 'வான' வேடிக்கை என எழுதிவிடுகிறார்கள். அது அம்பைக் குறிக்கும் பாணம் என்ற வடசொல் தமிழில் வகரம் பெற்று வந்தது. ணகரத்தை விட்டுவிட்டால் அம்பே போய்விடும்.)

எழுத்தால் வடிவம் சொல்வது நமக்குப் புதிதன்று. மேசைகளைப் 'ப' வடிவில் போடச் சொல்கிறோமே. தச்சரின் மூலைமட்டமும் ஒரு டகரம்தான். ஆனால் டகரம் எப்போதும் இப்படி மூலை மடிந்து நின்றதில்லை. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய தமிழிக் கல்வெட்டின் காலத்தில், அது வலப்புறம் திறந்த அரைவட்டம். நூற்றாண்டுகளில் முதுகு நிமிர்ந்து, அடி கிடைக்கோடாகி, இன்றைய ட ஆனது.

தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்காதே என்பீர்கள். மொழிக்கு முதலாகாத எழுத்தும் தன்னைக் குறிக்கும்போது முதலில் நிற்கலாம் எனத் தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே டகரத்தட்டு. டகரப்பட்டை என்றும் சொல்லலாம். எனக்கு முன்னதே பிடிக்கிறது: அண்ணத்தைத் தொட்டுப் புறப்பட்ட நாக்கு, முடிவில் மீண்டும் அதே இடத்தில் அழுந்தி நிற்கிறது.