போர்வையை விழுங்கிய பாம்பு

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் பால் பைத்தான் வளர்க்கிறார். வீடியோ காலில் அதன் பெட்டியைக் காட்டினார். ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு குகை. "ஒரு பாம்புக்கு எதுக்குப்பா ரெண்டு வீடு?" என்று கேட்டேன். பதிலைத் தேடப் போய் லண்டனில் வந்து நின்றேன்.

லண்டன் விலங்குக் காட்சிசாலை 1849ல் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடத்தைத் திறந்தது. உலகிலேயே இதுதான் முதல். பாம்புக்குக் கதகதப்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் கூண்டில் போர்வை போட்டார்கள்! நமக்குப் போர்வை சுடுவது நம் உடம்புச் சூட்டால். பாம்புக்கு அந்தச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். 1851ல் ஒரு போவா பாம்பு அந்தப் போர்வையையே விழுங்கிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே கக்கியது.

இதைச் சரியாக யோசித்தவர் ஜோன் ப்ராக்டர். சிறுவயதிலிருந்தே நோயாளி, பல்கலைக்கழகம் போக முடியவில்லை. ஆனாலும் 1923ல் அங்கே ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளர் ஆனார். அவர் திட்டமிட்ட புதிய கட்டடம் 1927ல் திறந்தது. கூண்டுக்குள்ளேயே மின்சாரத்தால் இடத்துக்கு இடம் வெவ்வேறு சூடு, புற ஊதாக் கதிரை உள்ளே விடும் கண்ணாடி. எங்கே படுப்பது என்பதை இனி பாம்பே முடிவு செய்யலாம். ப்ராக்டர் 1931ல், 34 வயதில் இறந்துபோனார்.

நண்பரின் பெட்டியும் அதே கணக்குதான். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் சுருண்டு கிடக்கும். உடம்பை நாலாபுறமும் தொடும் இறுக்கமான இடம்தான் அதற்குப் பாதுகாப்பு. குகை ஒன்றே ஒன்று இருந்தால் அது சூட்டையோ ஒளிவிடத்தையோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். குளிர்ந்த பக்கமே கிடந்தால் தின்றது செரிக்காது. சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் இல்லையென்றால் வயிறு வெந்துவிடும்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் திணித்துக் கடத்திவந்த பால் பைத்தான்கள் பிடிபடுவதை அவ்வப்போது செய்தியில் பார்க்கிறேன். முன்பெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோவேன். இப்போது, அதை வாங்கக் காத்திருந்தவர் வீட்டில் எத்தனை குகை வைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.