தொட்டித் தண்ணீரில் ஏன் அந்த வாடை?

சம்ப்பில் மருந்து போட்ட அன்று, "தண்ணீரில் வாடை அடிக்கிறது" என்று சொல்லாத வீடு குறைவு. அந்த வாடைக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு.

1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி, ஊர்க் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது. 1914-இல் அமைந்த நம் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் மணல் வடிகட்டிகளை நம்பியிருந்தது. குளோரின் பரவிய ஊர்களில் காலராவும் டைபாய்டும் அடங்கின.

1974-இல் நெதர்லாந்தின் ஜோகன்னஸ் ரூக் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். மட்கிய இலை, சேறு ஆகியவற்றின் கரிமப்பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. பல்லாண்டு அதிக அளவில் குடித்தால் புற்றுநோய் வரலாமோ என்ற கவலை எழுந்தது. நம் நாட்டுத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரோஃபார்மை உச்சவரம்பாக வைத்துள்ளது. அதே தரநிர்ணயம், எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கவும் சொல்கிறது.

2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். கிருமி அன்றே கொல்லும். ஆகவே குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் சம்ப்பின் சேற்றை அகற்றுங்கள். பிறகு அளந்து போடுங்கள். சேறு குறைந்தால் இரண்டு பயமும் குறையும்.