மட்சுனாகாவை எந்த ஆட்டத்தைக் கொண்டு அளப்பது?

ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே-லீக், 1993 மே 15 அன்று டோக்கியோ தேசிய அரங்கில் தொடங்கியது. யோகோஹாமா மரினோஸும் வெர்டி கவாசாகியும் மோதின. லீகின் முதல் கோலை அடித்தவர் வெர்டியின் டச்சு வீரர் ஹென்னி மையர். அதை வாங்கியவர் மரினோஸின் கோல்கீப்பர் ஷிகெடட்சு மட்சுனாகா. ஆட்டத்தை 2–1 என்று மரினோஸ்தான் வென்றது. ஆனாலும் அந்த முதல் கோல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆறு மாதங்களுக்குள் அதைவிடப் பாரமான இன்னொரு கோலும் வந்து சேர்ந்தது.

அக்டோபர் 28, தோஹா. ஈராக்கை வென்றுவிட்டால் ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போகலாம். 2–1 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நேராகத் தூக்கி அடிக்காமல் பக்கத்தில் நின்றவருக்குத் தட்டிவிட்டார்கள். தடுக்க ஓடிய கசுயோஷி மியூராவைத் தாண்டிப் பந்து உள்ளே வந்தது. ஜாஃபர் ஓம்ரான் தலையால் முட்டினார். நின்ற இடத்தை விட்டு நகராத மட்சுனாகாவின் தலைக்கு மேலாகப் பந்து வலைக்குள் இறங்கியது. ஆட்டம் 2–2, சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் உலகக் கோப்பைக்காக அமெரிக்கா சென்றன.

அந்தக் கோலுக்கு முன்னால் குறைந்தது இரண்டு பிசகுகள் உண்டு: கார்னரைச் சிறிதாகத் தட்டுவார்கள் என்று அணி எதிர்பார்க்கவில்லை, உள்ளே வந்த பந்தைத் தடுக்கவும் முடியவில்லை. ஆனாலும் காட்சியின் கடைசிச் சட்டகத்தில் நிற்பவர் கோல்கீப்பர். எனவே நினைவு அவரிடமே போய்த் தங்குகிறது. 40 சர்வதேச ஆட்டங்கள், 1992 ஆசியக் கோப்பையை வென்ற அணியில் இடம், ஜே-லீகின் முதல் ஆண்டில் சிறந்த பதினொருவரில் ஒருவர் என்ற தேர்வு ஆகிய எல்லாமே அந்த ஒரு நொடிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. மட்சுனாகாவை அந்த நொடியைக் கொண்டு அளப்பது நியாயமில்லை என்பது மட்டுமல்ல இக்கட்டுரையின் வாதம். அவர் விளையாடிய ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அளப்பதும் போதாது. ஜப்பானியக் கால்பந்துக்கு அவர் தந்ததில் பெரும்பகுதி 2000-க்குப் பிறகு, பயிற்சி மைதானத்தில் தந்தது.

அங்கே அவர் போய்ச்சேர்ந்த வழி எளிதாக இல்லை. 1995-இல் அர்ஜென்டினப் பயிற்சியாளர் ஹோர்ஹே சொலாரி, பத்தொன்பது வயது யோஷிகாட்சு கவாகுச்சியைக் கோலில் நிறுத்தினார். இடம் பறிபோன மட்சுனாகா அதே ஆண்டில் மரினோஸை விட்டு வெளியேறி, இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிய தோசு அணிக்குச் சென்றார். பிறகு செண்டாய், கடைசியாகக் கியோட்டோ. 2000-இல் ஓய்வு பெற்றதும் கியோட்டோவிலேயே கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். 2007-இல் மரினோஸ் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இந்த இரண்டாம் பணியின் எடை, கோல்கீப்பிங் அந்தக் காலத்தில் எப்படி மாறியது என்பதைப் பார்த்தால்தான் தெரியும். சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. மட்சுனாகாவுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டியிருந்தது. பள்ளி, பல்கலைக்கழகம், நிஸ்ஸான் நிறுவன அணி என்று அவர் கற்றதெல்லாம் கையை நம்பிய கலை. அப்படிப்பட்டவர் ஐம்பத்தைந்தைக் கடந்த வயதில், ஜப்பானிலேயே கோல்கீப்பரின் காலை அதிகம் நம்பிய அணிக்குக் கோல்கீப்பர்களைத் தயார் செய்தார். 2018-இல் வந்த ஆஸ்திரேலியர் ஏஞ்ச் போஸ்டெகோக்லூ, தடுப்பு வரிசையை மைதானத்தின் நடுக்கோடு வரை ஏற்றினார். அதற்குப் பின்னால் விரிந்த வெற்றிடம் முழுவதும் கோல்கீப்பரின் பொறுப்பானது. பெனால்டி பகுதிக்கு வெளியே நின்று பாஸ் கொடுக்க வேண்டும். எதிரி நீளமாக அடித்தால் தடுப்பாட்டக்காரரைப் போல ஓடிப்போய் வெட்ட வேண்டும். ஒரு கணம் தவறினால் வலை காலி. முதல் ஆண்டில் அணி 12-ஆவது இடத்துக்குச் சரிந்தது.

அடுத்த ஆண்டு சாம்பியன். அந்த 2019 அணியில் கோலில் நின்ற பாக் இல்-க்யூ, முந்தைய ஆண்டுவரை மூன்றாம் நிலையான ஜே3-இல் ஆடியவர். டிசம்பர் 7 அன்று 63,854 பேர் முன்னிலையில் எஃப்சி டோக்கியோவை 3–0 என்று வீழ்த்திய கடைசி ஆட்டத்திலேயே, வெளியே ஓடிவந்து எதிரியை வீழ்த்தியதற்காக அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. அதையும் அந்தத் துணிச்சலின் விலையாகவே கொள்ள வேண்டும். 2022-இல் மரினோஸ் மீண்டும் பட்டம் வென்றபோது, கோல்கீப்பர் யோஹெய் தக்காவோகா ஆண்டின் சிறந்த பதினொருவரில் இடம்பெற்றார்.

இவை போஸ்டெகோக்லூவின் திட்டத்துக்குச் சேர வேண்டிய பெருமைகள் அல்லவா என்று கேட்கலாம். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது: ஆட்டமுறையை வகுத்தவர் அவரே. ஆனால் யாசுஹிரோ ஹிகுச்சி, பிரெஞ்சுக்காரர் எரிக் மொம்பெர்ட்ஸ், போஸ்டெகோக்லூ, கெவின் மஸ்கட் என்று தலைமைப் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் கோல்கீப்பரிடம் கேட்டது வேறு. எனோமோட்டோ, ஈக்குரா, பாக், தக்காவோகா என்று கோலில் நின்றவர்களும் மாறினார்கள். மாறாமல் இருந்தவர் மட்சுனாகா. ஒரு திட்டத்தை அடுத்த திட்டத்துக்குள் கொண்டுசேர்க்கும் கை ஒன்று அங்கே இருந்தது என்று முடிவுசெய்ய இது போதுமான ஆதாரம்.

மட்சுனாகாவின் இடத்தைப் பிடித்த கவாகுச்சியோடு ஒப்பிட்டால், இந்தப் பணியை அளப்பதிலுள்ள சிக்கல் இன்னும் தெளிவாகிறது. 116 சர்வதேச ஆட்டங்கள் ஆடிய கவாகுச்சி, 2004 ஜூலை 31 அன்று சீனாவின் சோங்சிங்கில் ஜோர்டானுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜப்பானை மீட்டவர். அதற்குச் சரியாகப் பதினேழு ஆண்டு கழித்து, டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் இளம் கோல்கீப்பர் கோசெய் தானி நியூசிலாந்தின் பெனால்டி உதையொன்றைத் தடுத்தபோது, அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் கவாகுச்சிதான். அங்கே ஆசிரியரையும் மாணவரையும் இணைத்துப் பார்ப்பது எவருக்கும் எளிது: இருவரின் சாதனையும் ஒரே வகை. மட்சுனாகா தம் மாணவர்களுக்குக் கற்றுத்தந்ததோ, அவரே ஆடியிராத ஆட்டம். கோல்கீப்பர் பயிற்சியாளரின் உழைப்புக்கு ஆட்டப் புள்ளிவிவரங்களில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. அது பயின்றவர்களின் உடலிலும் நினைவிலும்தான் பதிந்திருக்கிறது. ஜப்பானியக் கால்பந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் தோஹா காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஈக்குராவிடமும் பாக்கிடமும் தக்காவோகாவிடமும் போக வேண்டும். எந்தப் பயிற்சியில் முன்னே வந்து நிற்கத் துணிந்தார்கள், தவறிய மறுநாள் காலை என்ன சொல்லித் தரப்பட்டது என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.